எந்தக் கூட்டில் அடையும்

யுவராணியின் சேவலைத் திருடியது தர்மராஜ். திருடச் சொன்னது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மூடி வைத்து வாய் பிளக்க வைக்கிற வேலையெல்லாம் எனக்கு ஒத்து வராது.

என் பெயர் காளிதாஸ். முதுகுளத்தூரிலிருந்து கடலாடி போகிற வழியில் எங்கள் ஊர். கிளிமூக்கு விசிறிவால் சேவல்களை வாங்கி விற்றுக் கொடுப்பது என் தொழில். இது சண்டைக்கு விடுகிற சேவல் இல்லை, அழகுக்கு வளர்ப்பது. அலகு கிளிக்கு இருப்பதுபோல வளைந்திருக்க வேண்டும். வால் தரையைத் தொட்டு விரிய வேண்டும். கண் வெள்ளையாக இருக்க வேண்டும். கண்காட்சியில் மேஜைமேல் நிறுத்தி, நடுவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்து மார்க் போடுவார்கள். இப்படி வளர்க்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதற்கு நான்தான் அட்மின். எது மேடைக்கு, எது குழம்புக்கு என்று நான் சொன்னால் இந்தப் பக்கத்தில் மறுபேச்சு கிடையாது.

யுவராணிக்கு முப்பது வயது இருக்கும். புருஷன் முத்துராமலிங்கம் சவூதியில் டிரைவர். ஆம்பளைகளே தட்டுத் தடுமாறுகிற தொழிலில் அவள் எங்கிருந்தோ பதினோரு முட்டை வாங்கி வந்து அடை வைத்தாள். பொரித்தது மூன்று, தேறியது ஒன்று. கீரிப்பிள்ளை நிறத்தில் இருந்ததால் அதற்குக் கீரி என்றே பேர். ஒன்றரை வருஷம் அதை வீட்டுக்குப் பின்னால் பலகைக் கூண்டில் வைத்து வளர்த்தாள். கண் பட்டுவிடும் என்று ஊரில் ஒருவருக்கும் காட்டவில்லை. வால் ஒடிந்துவிடும் என்று ஒரு நாள்கூடத் தெருவில் விடவில்லை. காலையில் கையில் தூக்கி வெயிலில் நிறுத்துவாள். வெயில் ஏறியதும் கையிலேயே தூக்கிக் கூண்டுக்குள் விடுவாள். பெற்ற பிள்ளையை இப்படி வளர்த்திருந்தால் ஊரே சிரித்திருக்கும்.

கண்காட்சிக்குப் பேர் கொடுக்கிறதுக்கு முன்னால் என்னை மட்டும் கூப்பிட்டாள்.

"அண்ணே, நீங்க ஒருக்கப் பாத்துச் சொல்லுங்க. தேறாதுன்னா அம்புட்டுத் தூரம் போயி நான் அசிங்கப்பட வேணாம்ல."

பார்த்தேன். வயிறு எரிந்தது. இருபது வருஷமாக இதே பிழைப்பில் இருக்கிறேன், என் கூண்டில் அப்படி ஒன்று நின்றதில்லை. வாலை விரித்துக்கொண்டு அது திரும்பியபோது எனக்குக் கை கூப்பத் தோன்றியது. அடுத்த நிமிஷமே அவளை ஓங்கி அறையத் தோன்றியது.

"விக்கிறியா தாயி?" என்றேன்.

"இல்லண்ணே. மேடையில நானே தூக்கிட்டுப் போயி நிறுத்தணும். மைக்குல எம் பேரச் சொல்லணும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

அவள் ஆசை அவ்வளவுதான். பதினோரு முட்டையில் ஒன்றைத் தேற்றினவள் தன் பேர் சத்தமாகக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதை என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம். அன்றைக்குச் சாயங்காலமே தர்மராஜைப் பார்த்தேன்.

தர்மராஜ் எங்கள் ஊர்தான். யுவராணி வீட்டுக்கு மூன்றாவது தெரு. கோழி வளர்ப்பு என்று பேர், கூட்டில் நாலு நாட்டுப் பெட்டையைத் தவிர ஒன்றும் கிடையாது. செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு யுவராணி முதுகுளத்தூர் பேங்குக்குப் பஸ் ஏறினாள். இவன் பின்பக்க வேலியைப் பிரித்து உள்ளே போனான். மிளகாய் மூட்டை கட்டுகிற சாக்குக்குள் சேவலைத் திணித்துக்கொண்டு வந்துவிட்டான். சாக்கில் ஒட்டியிருந்த மிளகாய்த்தூள் கண்ணில் ஏறி, அந்த வெள்ளைக் கண் இரண்டு நாளைக்கு ரத்தமாகச் சிவந்து கிடந்தது. காலில் அவள் போட்டிருந்த வளையத்தைக் கட்டிங் பிளேயரை வைத்துப் பிய்த்ததில் தோலும் கொஞ்சம் கூட வந்துவிட்டது. "ஏலே, வாலு மட்டும் பத்திரம்டா" என்று நான் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

வாங்கப் போகிறவர் கீழக்கரை ஹமீது சுல்தான். துபாயில் பத்துப் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்து, தோட்டத்தில் பண்ணை போட்டிருக்கிறார். கீரி நிறத்தில் ஒன்று வேண்டும் என்று ஒரு வருஷமாக என்னைக் குடைந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காரில் வருவதாகச் சொன்னார்.

அந்த ஞாயிறு காலையில்தான் காரியம் கெட்டது. ரேஷன் கடைக்குப் போன யுவராணி தர்மராஜின் தெரு வழியாகத் திரும்பியிருக்கிறாள். உள்ளே கீரி கூவியது. அவள் பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு வாசலில் நின்று கத்த ஆரம்பித்துவிட்டாள். ஐந்து நாளாகச் சரியாகச் சாப்பிடாமல், கண்ணெல்லாம் உள்ளே போய் இருந்தாள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல சத்தம். ஊர் கூடிவிட்டது.

"நான் சந்தையில குஞ்சா வாங்கி வளத்தது" என்று தர்மராஜ் சாதித்தான்.

"கால்ல பாருங்க, வளையத்த அறுத்த காயம் இருக்கு."

"எலி கடிச்சது."

அவளிடம் போட்டோ இருந்தது. ஆனால் அது வால் வளராத வயசில் எடுத்தது. கூட்டத்துக்கு அதுவும் ஒரு கோழி, இதுவும் ஒரு கோழி. அப்போதுதான் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"காளியண்ணன் பாத்திருக்காக. அண்ணே, நீங்க சொல்லுங்க. எங்க வீட்டுக்கு வந்து பாத்தீகள்ல?"

நூறு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். "வந்தேன், பாத்தேன் தாயி. ஆனா கீரி நிறத்துல நானே ஏழெட்டுச் சேவல் பாத்திருக்கேன். இதுதான் அதுன்னு அடிச்சுச் சொல்ல எனக்கு மனசாட்சி இடம் குடுக்கல" என்றேன். மனசாட்சி என்ற வார்த்தை எனக்கு அவ்வளவு சுலபமாக வரும் என்று நானே நினைக்கவில்லை.

பிறகு அவளே அந்தத் தப்பைச் செய்தாள்.

"அப்ப சரி. சாயங்காலம் அடையுற நேரத்துல தெருவுல விடுங்க. எந்தக் கூட்டுல போயி அடையுதோ அவுக கோழி."

இது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு கோழியை இரண்டு வீட்டார் கேட்டால், பொழுது சாயும்போது நடுத்தெருவில் விடுவோம். அது எந்த வீட்டுக் கூட்டுக்குள் நுழைகிறதோ அந்த வீட்டுக்கு. போலீஸுக்கும் போக மாட்டோம், கோர்ட்டுக்கும் போக மாட்டோம். இதுவரை தீர்ப்பு தப்பியதில்லை, ஏனென்றால் நாட்டுக்கோழி நாளெல்லாம் மேய்ந்துவிட்டுத் தானாக வீடு திரும்பிப் பழகியது. கீரி ஒன்றரை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தன் காலால் வீட்டுக்குப் போனதில்லை. அவள் வீட்டு வாசல் எப்படி இருக்கும் என்றுகூட அதற்குத் தெரியாது. எனக்கு அது உடனே உறைத்தது. அவளுக்கு உறைக்கவில்லை. அதன் மேல் அவ்வளவு நம்பிக்கை.

"அது சரியான பேச்சு" என்றேன். தர்மராஜைத் தனியாகக் கூப்பிட்டு, அவன் பெட்டைகளைப் பகலெல்லாம் மேய விடச் சொன்னேன்.

சாயங்காலம் ஹமீது சுல்தானும் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கியது. "காளிதாஸ், ஹராமான பொருள் என் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. சந்தேகம் இல்லாம முடிஞ்சா எடுக்கிறேன். இல்லாட்டி எனக்கு வேணாம்" என்று காரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

இரண்டு வீட்டுக்கும் சம தூரத்தில் ரேஷன் கடை முக்கு. அங்கே கூடையைக் கவிழ்த்தேன். "யாரும் வாயத் தொறக்கக் கூடாது. கூப்பிடக் கூடாது, கை தட்டக் கூடாது. கூப்பிட்டா அந்த நிமிசமே தோத்த மாதிரி" என்று நானே சட்டம் போட்டேன். யுவராணி தலையாட்டினாள். சேலை முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள்.

கூடையைத் தூக்கினேன். சேவல் அப்படியே நின்றது. அவ்வளவு பெரிய தெருவையும் அவ்வளவு ஜனத்தையும் அது பார்த்ததில்லை. ஒரு காலைத் தூக்கியது, எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்தது. பிறகு அவளைப் பார்த்துவிட்டது. கழுத்தை நீட்டிக்கொண்டு அவள் நின்ற பக்கமாக நாலடி நடந்தது. கூட்டத்தில் ஒருவன் 'ஆ' என்றான்.

அவள் ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருக்கும். இரண்டு கையையும் நீட்டியிருந்தாலே போதும், அது தூக்கிப் பழகிய சேவல். அவள் என் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, முந்தானையைக் கடித்தபடி சிலையாக நின்றாள். தூக்க மாட்டேன் என்கிறாளே என்று அதற்குக் குழப்பம் போலிருக்கிறது, அங்கேயே நின்றுவிட்டது. அந்த நேரத்தில் கருவேலங்காட்டுப் பக்கமிருந்து தர்மராஜின் நாலு பெட்டைகளும் வரிசையாக வீடு திரும்பின. சேவல் திரும்பிப் பார்த்தது. ஒன்றரை வருஷம் கூண்டில் கிடந்த சேவல் அது. வாலைத் தூசியில் இழுத்துக்கொண்டு அவற்றின் பின்னாலேயே போய், தர்மராஜின் கூட்டுக்குள் தலையைக் கொடுத்தது.

ஜனம் சிரித்தது. "பொம்பளையப் பாத்ததும் வீடு மறந்துருச்சுடா" என்று ஒருவன் சொன்னான். யுவராணி முந்தானையை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

தர்மராஜ் சேவலைத் தூக்கிக்கொண்டு காருக்கு வந்தான். ஹமீது சுல்தான் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன இரை போடுறீங்க?" என்று கேட்டார்.

"கம்பு, சோளம். கீழ எறிஞ்சா கொத்திக்கிரும் பாய்."

"கொத்தாது!" என்று யுவராணி ஓடி வந்தாள். "அது கீழ கெடக்கிறதக் கொத்தாது பாய். மேல்அலகு கீழ்அலகத் தாண்டி வளைஞ்சிருக்கு, தானியம் நிக்காது. உருண்டை பிடிச்சு ஊட்டணும். இரைப்பையத் தொட்டுப் பாருங்க, அஞ்சு நாளா பட்டினி போட்டிருக்கான்."

அவர் தொட்டுப் பார்த்தார். காலிப் பை. டிரைவரை விட்டு ரேஷன் கடை வாசலில் சிந்திக் கிடந்த அரிசியைக் கொஞ்சம் அள்ளி வரச் சொல்லி, தரையில் போட்டுச் சேவலை இறக்கிவிட்டார். சேவல் ஆவலாகக் கொத்தியது. ஒரு மணிகூட உள்ளே போகவில்லை. திரும்பத் திரும்பக் கொத்தியது. அலகு மண்ணில் இடிக்கிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஊருக்கே விளங்கிவிட்டது. ஒருத்தனும் பேசவில்லை. தீர்ப்பு ஆன பிறகு பேசினால், சிரித்ததற்கு என்ன பதில் சொல்வது?

ஹமீது சுல்தான் அவள் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, உண்மையைச் சொல்லுங்க. இது உங்க கோழியா? ஆமான்னா நான் எடுக்க மாட்டேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் தர்மராஜ் சேவலின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினான். "எடுக்காட்டிப் போங்க பாய். ஊர் தீர்ப்புப்படி என் கோழி. வம்பு பிடிச்ச கோழி எனக்கு என்னத்துக்கு? இப்பவே அறுத்து அடுப்புல ஏத்திருவேன்." செய்வான். கோழி இல்லாவிட்டால் வழக்கும் இல்லை. வால் கீழே தொங்கித் துடித்தது.

யுவராணி அந்த வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது, அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று. நான் அவனைத் தடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் தடுக்கவில்லை.

"இல்ல பாய்" என்றாள். "என் கோழி இல்ல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"சத்தியமா?"

"எங்க கருப்பசாமி சத்தியமா. அது என் கோழி இல்ல." குரல் ஆடவே இல்லை. "நீங்களே கொண்டு போங்க. கம்பையும் கேப்பையையும் வேகவச்சு, சூடு ஆறினப்புறம் உருண்டையா ஊட்டுங்க. தண்ணிய ஆழமான கிண்ணத்துல வைங்க. வலது பக்கமா தூக்குனா பயப்படும், இடது பக்கம் தூக்குங்க."

ஹமீது சுல்தான் நம்பவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் சத்தியம் வந்துவிட்டது, அவருக்கு அது போதும். தர்மராஜின் கையிலிருந்து சேவலை வாங்கி, இடது பக்கமாக அணைத்துக்கொண்டார்.

குழுவில் நாளைக்கு யாராவது கிளப்பினால் காட்டுவதற்கு வேண்டுமே என்று நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால், அவள் சத்தியம் பண்ணிய இடத்தில் கார் இன்ஜின் சத்தம் விழுந்திருந்தது.

"தாயி, இன்னொருக்கச் சொல்லு. சரியா விழல" என்றேன்.

அவள் என் போனுக்கு நேராக வந்து நின்று, இன்னொரு தடவையும் சொன்னாள்.