ஃபெரி தெருவின் மேற்குப் பக்கம்

உப்பிட்டுக் காய்ந்த காட் மீனுக்கு மூன்றாவது தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள் ஒடீலியா ஃபுர்ட்டாடோ. அவளுடைய சாப்பாட்டுக் கடையில் பதினொரு வருஷமாகப் பரிமாறும் வாண்டா, மேஜையைத் துடைத்துக்கொண்டே அன்றைய ஊர்க்கூட்டத்தில் அவர்களுக்காக ஓட்டுப் போட வருகிறவர்களின் பெயர்களைப் படித்தாள். எல்லாரும் மீன் பாக்கெட் போடும் வேலை செய்கிற பெண்கள்.

"நாப்பத்திரெண்டு பேர் வர்றாங்கக்கா."

"என் கை மேல போனா அவங்க கையும் மேல போகணும். சொல்லிட்டியா?"

"சொல்லாம இருப்பேனா? நீங்க மூக்கச் சொறியக் கைய எடுத்தாக்கூட தூக்கிடுவாங்க."

"அப்போ மூக்க நாளைக்குச் சொறிஞ்சிக்கிறேன்."

ஜனத்தொகைக் கணக்குப்படி கானெட் ஊருக்கு மது லைசன்ஸ் பன்னிரண்டுதான். பன்னிரண்டும் எப்போதோ கொடுத்தாயிற்று. இன்னும் ஐந்து வேண்டுமென்றால் ஊர்க்கூட்டம் தீர்மானம் போட வேண்டும். பிறகு மாநிலத் தலைநகரான பாஸ்டனில் சட்டசபை கூடி அதைச் சட்டமாக்க வேண்டும். ஒடீலியாவின் கடையில் உட்காருகிறவர்கள் "ஒயின் இல்லையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். லைசன்ஸ் கிடைத்தால் கடை பிழைக்கும், இல்லாவிட்டால் அடுத்த குளிர்காலத்தோடு மூட வேண்டியதுதான். தெருத் தெருவாக அலைந்து கையெழுத்து வாங்கி, தீர்மானத்தைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தவளே அவள்தான். ஜெயிப்போம் என்பதில் அவளுக்குத் துளி சந்தேகம் இல்லை.

கூட்டம் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. காய்ந்த இலையை ஊதித் தள்ளும் இயந்திரத்தின் சத்தத்தைப் பற்றியே ஒன்றரை மணி நேரம் பேசித் தீர்த்தார்கள். ஒடீலியாவின் தீர்மானம் வந்தபோது பாதிப் பேருக்குக் கண் சொக்கியிருந்தது. பழைய பஞ்சாலையை வாங்கிய கம்பெனியின் வக்கீல் எழுந்து ஒரு சின்னத் திருத்தம் சொன்னார். ஐந்து லைசன்ஸும் 'வரைபடத்தில் காட்டியுள்ள ஆலைப் பகுதிக்குள்' மட்டும் கொடுக்கப்பட வேண்டும்.

"ஆலைப் பகுதின்னா நாமதானேக்கா?" என்று வாண்டா காதில் கேட்டாள்.

"பின்ன யாரு? 'ஆலைப் பக்கத்து மீன் கடை'ன்னுதானே ஊரே சொல்லுது!"

மேடையில் மாட்டியிருந்த வரைபடத்தை எழுந்து போய்ப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. ஓட்டுச் சீட்டோடு கையைத் தூக்கினாள். பின்னால் நாற்பத்திரண்டு கைகள் எழுந்தன. பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் திருத்தம் நிறைவேறியது. தீர்மானமும் அதோடு நிறைவேறியது. வக்கீல் வந்து அவள் கையைக் குலுக்கினார்.

"நீங்க இல்லன்னா இது நடந்தே இருக்காதும்மா."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

ஏழு மாதம் சட்டசபை இழுத்தடித்தது. ஒடீலியா இரண்டு முறை பஸ் ஏறி பாஸ்டன் போய், கமிட்டி முன்னால் தைரியமாகப் பேசிவிட்டு வந்தாள். ஆளுநர் கையெழுத்துப் போட்ட மறுநாள், ஊர் ஆபீஸ் திறக்கும் முன்பே விண்ணப்பத்தோடு வாசலில் நின்றாள்.

குமாஸ்தா பெத் வரைபடத்தை விரித்தாள். அவள் முகம் சரியில்லை.

"கோடு ஃபெரி தெருவுக்கு நடுவுல போகுதுக்கா. கிழக்குப் பக்கம்தான் உள்ள வருது. நீங்க மேற்கு."

"ஆலைச் சுவரு என் ஜன்னலுக்கு நேர் எதிர்ல நிக்குதுடி!"

"தெரியும்க்கா. ஆனா இந்த வரைபடம்தான் இப்போ சட்டம்."

"மாத்தணும்னா?"

"மறுபடி ஊர்க்கூட்டம். மறுபடி பாஸ்டன்."

"அப்போ அடுத்த கூட்டத்துக்கு என் பேர எழுதிக்கோ," என்றாள் ஒடீலியா. குரல் நடுங்கவில்லை. தெருவுக்கு வந்த பிறகுதான் தூக்கிய கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. தன்னை நம்பி வந்த அத்தனை பெண்களையும் கம்பெனிக்காகக் கை தூக்க வைத்திருக்கிறாள்.

ஆகஸ்டில் எதிர்ப்பக்கம், ஆலையின் கீழ்த்தளத்தில், உட்கார்ந்து ஒயின் குடிக்கும் முதல் கடை தயாரானது. பரிமாற வாண்டாவைக் கூப்பிட்டார்கள்; அவள் தயங்கித் தயங்கி நின்றாள். ஒடீலியாதான் அனுப்பி வைத்தாள்.

"போடி, அங்க டிப்ஸ் கிடைக்கும். இங்க நின்னு என் மூஞ்சியப் பாத்து என்ன செய்யப்போற?"

திறப்பு விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது புதுக் கடை மேனேஜர் தெருவைத் தாண்டி ஓடி வந்தான். தீயணைப்புத் துறை அவர்களுடைய சமையலறைக்கு அனுமதி தரவில்லை. சாப்பாடு போடாத இடத்தில் மது ஊற்றக் கூடாது என்பது லைசன்ஸின் விதி.

"மூணு வாரத்துக்கு மட்டும் உங்க சாப்பாடு வேணும். இல்லன்னா லைசன்ஸ் இருந்தும் திறக்க முடியாது."

"நான் சொல்றதுதான் வெல."

"சரி."

"பேரமே பேச மாட்டியா? இன்னும் கூட்டிச் சொல்லியிருப்பேனே!"

வெள்ளிக்கிழமை சாயங்காலம், காட் மீனும் உருளைக்கிழங்கும் வெந்த பெரிய சட்டியைத் துணி சுற்றி ஏந்திக்கொண்டு ஒடீலியா தெருவைக் கடந்தாள். தலை நிமிர்ந்துதான் போனாள். கண்ணாடிக் கதவை வாண்டா திறந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் லைசன்ஸ் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. மேஜைக்கு மேஜை ஒயின்.

"வாசனை ஆள இழுக்குதுக்கா," என்றாள் வாண்டா. ஒருதரம் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. சாமான் கொண்டு வர்றவங்க பின்வாசல் வழியாத்தான் வரணுமாம்."

சூடு துணியைத் தாண்டிக் கையில் ஏறியது. ஒடீலியா சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி நடந்தாள். பழைய பஞ்சாலை, சுவர் மிக நீளம்.