சின்னப்பொண்ணு பிடுங்கிய கொடி

அம்மாவை அடக்கம் செய்த பத்தாம் நாள், வீட்டு வாசலில் பந்தல் போட்டு நினைவு ஜெபக்கூட்டம் வைத்தோம். மூத்த பிள்ளை நான்தான் என்பதால் அம்மாவின் வாழ்க்கையைப் பற்றி மைக்கில் நான் சாட்சி சொல்ல வேண்டும் என்று தம்பி பீட்டரும் பாஸ்டரும் பேசி முடிவு செய்துவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன். எனக்குப் பயம்.

கூட்டத்தைப் பார்த்துப் பயம் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனி கேண்டீனில் இருபத்தேழு வருஷம், முந்நூறு ஆம்பளைகளை வரிசையில் நிற்க வைத்துச் சோறு போட்டவள் நான். என் பயம் வேறு.

அம்மா பெயர் சின்னப்பொண்ணு. எண்பத்தொன்பது வயது வரை இருந்தாள். கடைசி ஆறு வருஷம் மறதி. முதலில் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். பிறகு என் மகள் ஏஞ்சலை இன்னும் கைக்குழந்தை என்று நினைத்துக்கொண்டு, "பாப்பாவுக்குப் பால் குடுத்தியா?" என்று கேட்க ஆரம்பித்தாள். கொடுத்தேன் என்றால் தலையாட்டுவாள். இரண்டு நிமிஷத்தில் மறுபடியும் கேட்பாள். முப்பது தாண்டிய அந்தப் பாப்பா ஷிப்ட் முடிந்து வந்து எதிரே உட்கார்ந்து நாஷ்டா தின்றுகொண்டிருக்கும். ஒருநாள் எனக்குத் தாங்கவில்லை. "எத்தினி வாட்டிம்மா கேப்ப? வாய மூடிகினு குந்து" என்று கத்திவிட்டேன். அம்மா நடுங்கிப்போய்ச் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாள். அடுத்த வருஷம் நான் யார் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. "நீ யாரு ஊட்டுப் பொண்ணும்மா? நல்லா பாத்துக்கிறியே" என்றாள்.

சென்னையில் பார்த்த டாக்டர், சில குடும்பங்களில் இது பிள்ளைகளுக்கும் வருவதுண்டு என்றார். மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே போகிறபோக்கில் சொன்னார். அன்றைக்குப் போன நிம்மதி எனக்கு இன்னும் திரும்பவில்லை. சாவியைத் தேடினால் பயம். பீட்டர் பெண்டாட்டி பெயர் சட்டென்று வராவிட்டாலும் பயம். அதனால் தினமும் குளிக்கும்போது எனக்கு நானே பரீட்சை வைத்துக்கொள்வேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயில் நிற்கும் ஊர்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். கவரைப்பேட்டை, பொன்னேரி, அனுப்பம்பட்டு, மீஞ்சூர். அம்மா சாவதற்கு முந்தின வாரம் மீஞ்சூரோடு நின்றுவிட்டது. நந்தியம்பாக்கம் ஞாபகத்துக்கு வருகிற வரை ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தேன். ஏஞ்சல் கதவைத் தட்டி, "இன்னாம்மா, தூங்கிட்டியா?" என்றாள். வயிறு சரியில்லை என்று பொய் சொன்னேன்.

கூட்டத்தன்று அவள் ஒரு தாளில் குறிப்பு எழுதி நீட்டினாள். "இத்த பாத்து சொல்லும்மா. ஒண்ணும் வுட்டுப்போவாது."

"எங்கம்மாவ பத்திச் சொல்ல எனக்குச் சீட்டு வேணுமா?" என்று வீம்பாகச் சொன்னேன். உண்மையில் இதையும் ஒரு பரீட்சையாகத்தான் எடுத்துக்கொண்டேன். தாளில்லாமல் கடைசி வரை சொல்லிவிட்டால் எனக்கு ஒன்றுமில்லை, தேறிவிட்டேன் என்று அர்த்தம்.

பாஸ்டர் மைக்கைக் கொடுத்தார். முன்வரிசையில் பீட்டரும் ஏஞ்சலும், பின்னால் தெரு முழுக்கவும் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்தவர் நிலத்தில் அம்மா நாற்று நட்டதைச் சொன்னேன். அந்த நிலம் கம்பெனியான பிறகு அங்கேயே துடைப்பம் பிடித்ததைச் சொன்னேன். "நான் நட்ட எடத்தத்தான் பெருக்கினு கீறேன்" என்று அவள் கேலி பேசுவதைச் சொன்னேன். அப்பா போனபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது, பீட்டருக்கு மூன்று என்பதெல்லாம் தடங்கலில்லாமல் வந்தது. நான் ஷிப்டுக்குப் போக, ஏஞ்சலை வளர்த்து ஆளாக்கினது அவள்தான் என்றேன். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் "ஸ்தோத்திரம்" என்றது. எனக்குத் தெம்பு வந்துவிட்டது. அடி சக்கை, ஒன்றுகூட விட்டுப்போகவில்லையே மேரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசியாகக் கொடிக் கதைக்கு வந்தேன். எங்கள் வீட்டில் நூறு தடவை சொன்ன கதை. கேட்டுச் சிரிக்காத ஆள் கிடையாது.

"ஏஞ்சலு வவுத்துல இருக்கச்சொல்ல, கவரைப்பேட்ட டேசன்ல எனக்கு வலி கண்டுச்சி. பொன்னேரி ஆசுபத்திரிக்குப் போவணும். வண்டி வந்து நிக்குது, என்னால ஏற முடியல. கார்டு கொடி ஆட்டப் போறாரு. எங்கம்மா ஓடிப்போயி அவரு கையில இருந்த பச்சக்கொடியப் புடுங்கி, ஜாக்கெட்டுக்குள்ள சொருவிகினா. எம்பொண்ணு ஏறட்டும், அப்பால எடுத்துக்கோ நைனான்னா!"

இந்த இடத்தில் பந்தலே அதிர்ந்திருக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. பாஸ்டர் பைபிள் அட்டையைத் தடவிக்கொண்டு குனிந்திருந்தார். பின்னாலிருந்து ஒரே ஒரு குரல் மெதுவாக "ஸ்தோத்திரம்" என்றது. மைக் வேலை செய்யவில்லையோ என்று தட்டிப் பார்த்தேன். ஜெபக்கூட்டத்தில் ஜாக்கெட்டைப் பற்றிப் பேசியது தப்போ என்றும் தோன்றியது. ஆனாலும் விடாமல், "ஜாக்கெட்டுக்குள்ள!" என்று உரக்கச் சொன்னேன். ஏஞ்சல் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணில் சிரிப்பு இல்லை.

பீட்டர் எழுந்து வந்து மைக்கைக் கையால் மூடினான். "அக்கா, போதும். வந்து குந்து."

"ஏன்டா? கத நல்லா இல்லியா?"

அவன் பாஸ்டரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "இத்த அப்பவே சொல்லிட்டக்கா. நீ ஆரம்பிச்சதே இதுலதான்."

நான் நாற்று நடவில்தான் ஆரம்பித்தேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போதும் அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது. வரிசை வரிசையாகப் பார்த்தேன். எதிரே இருந்த முகங்களில் ஒன்றுகூட பீட்டர் சொன்னதை மறுக்கவில்லை.

ஏஞ்சல் என்னை வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்து வைத்த மிச்சத்தை அவளே மடமடவென்று குடித்துத் தீர்த்தாள். டாக்டர் சொன்னபோது அவளும்தான் பக்கத்தில் இருந்தாள். "பத்து நாளா தூக்கம் இல்லம்மா, அதான். வேற ஒண்ணும் இல்ல" என்றாள். நான் அம்மாவிடம் கத்தினதுபோல் இவள் என்னிடம் கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. வெளியே பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏஞ்சலு" என்றேன். "மொத வாட்டி சொன்னப்போ சிரிச்சாங்களா?"

அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிச்சாங்கம்மா. எல்லாரும் சிரிச்சாங்க" என்றாள். "நீயும்தான் சிரிச்ச."