நாலு அடுப்பா, ஆறு அடுப்பா

சேக் மைதீன் கொட்டகைக் கதவைத் திறந்ததும் கண்ணாயிக்கு முதலில் எட்டியது வாசனைதான். மண்ணெண்ணெய் வாசனை மாதிரி இருந்தது, ஆனால் மண்ணெண்ணெய் இல்லை. மூக்கைச் சுருக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். புளி மூட்டைகளுக்கும் கடுக்காய்ச் சாக்குகளுக்கும் நடுவே இரண்டு மோட்டார் வண்டிகள் நின்றிருந்தன. ஒன்று பச்சை, குட்டை. இன்னொன்று சிவப்பு, மூக்கு நீண்டது. இரண்டுக்குமே கூரை இல்லை.

"என்னண்ணா, பாதியில நிறுத்திப்போட்டாங்களா? மேல மூடவே இல்லியே."

"பந்தய வண்டி கண்ணு. மூடுனா காத்துத் தடுக்குமாமா" என்றான் காளியண்ணன். அவனுக்கே அது போன மாதம் சேலம் போனபோது தெரிந்த விஷயம்.

காளியண்ணன் கண்ணாயிக்குப் பெரியப்பா மகன். கொல்லிமலை மேல் தேவனூர் நாட்டில் அவன் தோட்டத்து மிளகு இரண்டு வருடமாக நல்ல விலைக்குப் போயிருந்தது. சேலத்துத் தெருவில் ஒரு துரை இப்படியொரு வண்டியில் புழுதி பறக்கப் போனதைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. அடிவாரத்தில் சேந்தமங்கலத்து மைதீன் பாய், சீமைக்குத் திரும்புகிற துரைமாரிடம் பழைய வண்டிகளை வாங்கி விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டான்.

கொல்லிமலைக்கு மோட்டார் ஏறும் ரோடு கிடையாது. மேலே ஏறிவிட்டால் தேவனூரிலிருந்து சோளக்காடு வரை மாட்டுவண்டி போகிற மண்பாதை உண்டு. அதில் ஓட்டுவதாகத்தான் காளியண்ணன் திட்டம். அடிவாரத்திலிருந்து மேலே கொண்டுபோவது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. உப்பு எப்படிப் போகிறதோ, இரும்பு எப்படிப் போகிறதோ, அப்படித்தான். பிரித்துக் கட்டி, தோளில் வைத்து ஏற்ற வேண்டும். பெரிய சுமை ஏற்றுகிற ஆட்களுக்கெல்லாம் முன்னால் நிற்கிறவன் கண்ணாயியின் புருஷன் செங்கோடன்.

"எதை வேணா வாங்குங்க மச்சான். ஏத்திப் போடறது என் பாடு" என்று முந்தாநாள் அவன் காளியண்ணனிடம் சொன்னது அடுப்படியில் இருந்த கண்ணாயி காதில் விழுந்தது. மறுபேச்சுப் பேசாமல் கொஞ்சம் மிளகை மூட்டை கட்டிக்கொண்டு, விற்கப் போவதாகச் சொல்லி அவளும் கூடவே இறங்கி வந்துவிட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் எஸ்டேட்டுக்காக இரும்பு உருளை ஒன்றை ஏற்றினார்கள். மலைப்பாதையில் வழுக்குப்பாறைத் திருப்பத்தில் ஒரு மூங்கிலில் நாலு தோளுக்கு மேல் சேர்ந்து திரும்ப இடம் கிடையாது. நாலு பேரால் அந்தக் கனத்தைத் தாங்க முடியவில்லை; உருளை நழுவி விழுந்தது. பக்கத்துத் தோளில் இருந்த அப்பாசாமி இன்றைக்கும் காலை இழுத்துக்கொண்டுதான் நடக்கிறான். முன்தோள் செங்கோடனுடையது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் அந்தக் கால் செங்கோடனுடையதாக இருந்திருக்கும். மச்சான் முன்னால் மட்டும் அவன் முடியாது என்று சொல்லவே மாட்டான். அது கண்ணாயிக்குத் தெரியும்.

மைதீன் பாய் இரண்டு வண்டிகளின் மூக்கையும் திறந்து வைத்தார்.

"பச்சை நாலு சிலிண்டருங்க. சிவப்பு ஆறு சிலிண்டரு."

"அதுக்குள்ள என்ன இருக்குதுங்க பாய்?" கண்ணாயி குனிந்தாள்.

"நெருப்புத்தான் அம்மிணி. பெட்ரோல் உள்ள போகும், பத்திக்கும், படார்னு ஒரு உதை குடுக்கும். அந்த உதையிலதான் சக்கரம் சுத்துது."

"அப்ப நாலு அடுப்பு, ஆறு அடுப்பு."

பாய் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். "அப்படியும் வச்சுக்கலாம்."

"அடுப்பு கூடுனா வெறகும் கூடுமே."

"கூடத்தான் செய்யும்."

"நீ மிளகு விக்க வந்தியா, வண்டி வாங்க வந்தியா?" என்றான் செங்கோடன்.

"பாக்கறதுக்குக் காசா கேக்கறாங்க? சும்மா இருங்க."

பாய் காளியண்ணனைச் சிவப்பு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அது கிளம்பிய சத்தத்தில் தெருக்கோழிகள் கூரைக்குப் பறந்தன. காரவள்ளி ரோட்டில் புழுதி எழுந்து, அடங்குவதற்குள் திரும்பி வந்துவிட்டது. இறங்கிய காளியண்ணனின் தலைமயிர் பின்னால் படிந்து கிடந்தது. வாய் மூடவில்லை.

"மாப்ளே, இதுதான்! இதே தான்! பச்சையெல்லாம் பிள்ளைங்க ஓட்டறது."

"பிள்ளைங்க ஓட்டறதுல நான் ஒருக்கா ஏறிப் பாக்கட்டுமாண்ணா?" என்றாள் கண்ணாயி.

பாய் செங்கோடனைப் பார்த்தார். அவன் தலையாட்டினான். கண்ணாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்ததும் வயிறு பின்னால் தங்கிவிட்டது போலிருந்தது. புளியமரங்கள் எதிரே ஓடி வந்தன. தூரத்தில் மலை மட்டும் அசையாமல் நின்று அவளைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து அந்த மலை மேலேயே கிடந்தவள், இத்தனை வேகமாக அதை நோக்கிப் போவது இதுதான் முதல் தடவை. சிரிப்பு வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

"சிவப்பு இதை விடவா வேகம்?"

"இதுமாதிரி ரெண்டு மடங்கு அம்மிணி."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கும் சிவப்பே வேண்டும் என்று இருந்தது. காளியண்ணனைத் திட்ட வாய் வராது இனி என்று நினைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது செங்கோடன் சிவப்பு வண்டியின் இஞ்சினுக்கு மேல் குனிந்து, கையால் அதன் அகலத்தை அளந்துகொண்டிருந்தான். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துத் தோளை ஒருமுறை தேய்த்துவிட்டுக்கொண்டான்.

"பாய், இதை எத்தனை துண்டாப் பிரிக்கலாமுங்க?" என்று கேட்டாள் கண்ணாயி.

"சக்கரம், சீட்டு, கதவு எல்லாம் ஆளுக்கொரு தலைச்சுமை. அடிச்சட்டம் ஏணி மாதிரி, நெட்டுக்குத்தா நிறுத்தித் திருப்பிக்கலாம். இஞ்சினுக்கு மூடியைக் கழட்டலாம், உள்ள இருக்கற தண்டுகளையெல்லாம் உருவலாம்."

"அப்புறம்?"

"அப்புறம் மிஞ்சறது ஒரே வார்ப்பா வார்த்த இரும்பு. அதைப் பிரிக்க முடியாது."

"எத்தனை கனம்?"

பாய் யோசித்தார். "பச்சையில ஒரு உப்பு மூட்டை இருக்கும். சிவப்புல மூணு மூட்டைக்குக் கொஞ்சம் கம்மி."

செங்கோடன் தொண்டையைச் செருமினான். "ஏத்தலாம்" என்றான். குரல் எங்கோ இருந்து வந்தது.

"கேட்டுக்கங்க! எம் மாப்ள சிங்கம்" என்றான் காளியண்ணன்.

"சரிண்ணா" என்றாள் கண்ணாயி. "அப்ப நீங்க முன்தோள் குடுத்துருங்க."

"நானா?"

"பின்ன? ஊட்டுக்கு உத்தரம் காட்டுல இருந்து வரும்போது ஊட்டுக்காரன்தானே முதல் திருப்பம் வரைக்கும் முன்தோள் குடுக்கோணும்? உங்க ஊட்டு உத்தரத்துக்கு எங்க பெரியப்பா குடுக்கலியா?"

"அது உத்தரம் கண்ணு. இது மோட்டாரு."

"உத்தரத்தை விட இது கொறைச்சலா?"

பாய் இருமுவது போல் வாயைப் பொத்திக்கொண்டார். காளியண்ணனுக்கு வேறு வழியில்லை. வேட்டியை மடித்துக் கட்டினான்.

அங்கேயே தூக்கிப் பார்ப்பதென்று, சிவப்பு வண்டி வார்ப்பின் கனத்துக்கு மூன்று உப்பு மூட்டைகளை மூங்கிலில் இறுகக் கட்டினார்கள். பின்னால் பாயின் மூட்டைக்காரர்கள் இரண்டு பேர், முன்னால் காளியண்ணனும் செங்கோடனும். கொட்டகைக்குப் பின்னால் வாய்க்கால் மேடு இருந்தது. மலைக்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. தூக்கியபோது காளியண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. மேட்டில் கால் வைத்தார்கள். இன்னும் ஓர் அடி. இன்னும் ஒன்று. காளியண்ணனின் முட்டி மடங்கியது. மூங்கில் அவன் தோளை விட்டு நழுவி, கனம் முழுவதும் செங்கோடன் பக்கம் சாய்ந்தது.

"கால எடுங்க!" கண்ணாயி அலறினாள்.

மூட்டைகள் மண்ணில் விழுந்தன. ஒன்று வெடித்து, உப்பு செங்கோடனின் பாதத்தை மூடியது. அவன் காலை மெல்ல வெளியே இழுத்தான். விரல்களை அசைத்தான். எல்லாம் அசைந்தன. மூட்டையின் ஓரம் சுண்டுவிரலை உரசிக்கொண்டு கிடந்தது.

காளியண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்து அந்தப் பாதத்தையே பார்த்தான். முகத்தில் சேலத்து ஆசையெல்லாம் வடிந்துவிட்டிருந்தது.

"ஒரு மூட்டை கட்டுங்க பாய்" என்றான் கடைசியில்.

ஒரு மூட்டையோடு நாலு பேரும் மேட்டில் ஏறி, திரும்பி, இறங்கினார்கள். பாதியில் செங்கோடன் வெற்றிலை கேட்டான்.

"பச்சையே இருக்கட்டும்" என்றான் காளியண்ணன், தோளைத் துண்டால் துடைத்தபடி. "சிவப்பு பெட்ரோல் நெறையக் குடிக்குமாமா. அந்த டின்னையும் மேல ஏத்தோணுமே."

"ஆமாண்ணா, நானும் அதேதான் நெனைச்சேன்" என்றாள் கண்ணாயி, உதட்டைக் கடித்துக்கொண்டு.

"மனசு விடாதீங்க" என்றார் பாய். "உங்க பாதைக்குச் சிவப்பு எதுக்குங்க? அது முழு வேகம் புடிக்கறதுக்குள்ள உங்க நாடே முடிஞ்சு போயிரும்."

அந்த வாரமே பச்சை வண்டியைப் பிரித்து மலையேற்றினார்கள். ஏணி போன்ற சட்டம் முன்னால் போயிற்று. திரும்பப் பூட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்ட பாய், ஆணிகளைப் பைக்குள் போட்டு மார்போடு அணைத்தபடி மூச்சு வாங்க ஏறினார். முதல் திருப்பத்தோடு தோளை எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொல்லியும் காளியண்ணன் எடுக்கவில்லை. வழுக்குப்பாறை வரை வந்துவிட்டான்.

அங்கே எல்லோரும் நின்று பிடியை இறுக்கினார்கள். பின்னால் வந்த கண்ணாயியும் நின்றாள். அவளுக்குக் கிடைத்த சுமை வண்டியைத் திருப்புகிற வட்டம். முன்தோள்கள் இரண்டும் பாறையைச் சுற்றி மறைந்தன. இஞ்சின் வார்ப்பு அந்தரத்தில் மெல்ல ஆடியது. செங்கோடனின் கால் தெரியவில்லை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு, கையிலிருந்த வட்டத்தைத் தன்னை அறியாமல் இடப்பக்கம் திருப்பினாள். இன்னும் கொஞ்சம் திருப்பு, இன்னும் கொஞ்சம் என்று வாய்விட்டுச் சொன்னாள்.

பாறைக்கு அந்தப் பக்கமிருந்து செங்கோடன் குரல் கேட்டது.

"திரும்பியாச்சு புள்ள! நேராக்கு!"

அவள் நேராக்கினாள்.