அடித்தட்டு ரிவால்வர்

"இருக்கிறதிலேயே மலிவானதைக் காட்டுங்க."

அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா காரிலேயே சொல்லியிருந்தாள். ஊரில் இது ஒன்றுதான் துப்பாக்கிக் கடை. கடைக்காரர் கட்லிப்பை ஞாயிறுதோறும் சர்ச்சில் பார்த்தாக வேண்டும். இருந்தாலும் கேட்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். கௌரவம் பார்த்தே நாங்கள் கெட்டோம் என்பதைப் புரிந்துகொள்ளவே அவ்வளவு படிப்பு தேவைப்பட்டது.

கட்லிப் என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் ஊதா நிறப் பிஸ்டல் ஒன்றை அம்மா முன் வைத்தார். பெண்களுக்கு என்றால் எங்கள் ஊர் ஆண்கள் இப்படித்தான் தேர்ந்தெடுப்பார்கள்: சின்னதாக, லேசாக, கலராக. லேசான துப்பாக்கிதான் சுடும்போது கையை அதிகம் உதறும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

"அம்மணிக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. ஹேண்ட்பேக்ல போட்டா இருக்கிறதே தெரியாது."

மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தால்தான் அதில் முதல் குண்டு ஏறும். கோழிக்கறித் தொழிற்சாலையில் வெட்டி வெட்டி முடங்கிப்போன விரல்கள் அம்மாவுக்கு. இழுத்தாள், வழுக்கியது. மறுபடி இழுத்தாள்.

"அதுக்கென்ன, வீட்டு ஆம்பளையை இழுத்து வெச்சுக் குடுக்கச் சொல்லுங்க."

"அந்த ஆம்பளைக்காகத்தான் இதையே வாங்க வந்திருக்கோம்," என்றேன்.

அப்பா சிறையிலிருந்து வந்த வாரமே பின்கதவை உதைத்துப் பார்த்துவிட்டான். கிட்டே வரக்கூடாது என்ற கோர்ட் உத்தரவு மேசை டிராயரில் பத்திரமாக இருக்கிறது. ஷெரிஃபின் போலீஸ் கார் எங்கள் மலைச்சரிவுக்கு ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தொலைவில், கொலம்பஸ் நகரத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. அம்மாவைத் தனியே விட முடியாது, வரவில்லை என்று அன்று போன் செய்வதாக இருந்தேன்.

"அடித்தட்டுல இருக்கே, அது?" என்று கேட்டேன்.

"அதுவா? ஷெரிஃப் ஆபீஸ்ல கழிச்சுக் கட்டின ரிவால்வர். வெளிய எடுத்தா நாலு பேர் சிரிப்பாங்க, கண்ணு."

"சிரிக்க நாலு பேர் எங்க வீட்டுப் பக்கம் இருந்தா இது எதுக்கு?"

கட்லிப்புக்கே சிரிப்பு வந்துவிட்டது. குண்டு போடும் உருளையைத் திறந்து காலி என்று காட்டிவிட்டு அம்மாவிடம் கொடுத்தார். உறை உரசி வெளியே சாயம் போயிருந்தது, உள்ளே புதுசு. யாரோ ஒரு போலீஸ்காரர் இடுப்பில் வருஷக்கணக்கில் தொங்கியதோடு சரி. மேல்பாகத்தை இழுத்துக் குண்டு ஏற்றும் வேலை அதில் இல்லை. அம்மா இரண்டு ஆள்காட்டி விரல்களையும் விசையில் மாட்டி இழுத்தாள். டக். மறுபடி டக்.

"சுட்டா குதிக்குமா?"

"முழு இரும்பு, அம்மணி. அந்தக் கனமே அமுக்கிப் பிடிச்சுக்கும்." வந்ததிலிருந்து அவர் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை.

கடைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சுடவிட்டார். எல்லாக் குண்டுகளும் ஆள் உருவ அட்டையில் பட்டன, மார்புக்குக் கீழே.

"கொஞ்சம் கீழ போகுதே," என்றார்.

"அங்கயும் அவனுக்கு உடம்பு இருக்கு," என்றாள் அம்மா.

பிறகு அவளே உட்கார்ந்து, வாங்கும் படிவத்தில் அவள் பெயரிலேயே கையெழுத்துப் போட்டாள். "ஏன்டி நிக்கிற? யாருக்கோ போன் பண்ணணும்னியே."

வெளியே நடந்தேன். திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன் என்று சொல்ல.