மேசைக்குச் செய்த இருபது தட்டு

எனக்குக் கோபம் மூக்குநுனியில் நிற்கும். துணிக்கடை வேலை போனதே அதனால்தான். இனி யாருக்கும் கைகட்டி நிற்க மாட்டேன், விசேஷ வீடுகளுக்கு மேசை அலங்காரம் செய்யப்போகிறேன் என்று ஆனையூர் முழுக்கச் சொல்லிவிட்டேன். ஆறு மாதம் ஈ ஓட்டியபின் கிடைத்தது பரவையில் அன்னக்கொடி அக்கா மகளுடைய காதுகுத்து. பந்தி நடக்கும் கூடத்தில் இருபது மேசை.

"நல்லா இருந்துச்சுன்னா தை மாசம் எங்க கொழுந்தன் கல்யாணத்துக்கும் நீதான் ரோகிணி. இல்லைன்னா கோவிச்சுக்கக் கூடாது" என்றார் அக்கா.

விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய், ஒரு பக்கம் அடிபட்ட சின்ன அன்னாசிகளாகப் பொறுக்கினேன். அடிபட்ட பக்கத்தைச் சீவிவிட்டால் யாருக்குத் தெரியும்? மண்டபத்துக் கொல்லையில் உட்கார்ந்து கொண்டையை வெட்டிச் சாக்கில் போட்டுவிட்டு, பழம் முழுக்க ஈர்க்குச்சி குத்தி, குச்சிக்குக் குச்சி திராட்சையும் செவ்வந்தியும் செருகினேன். எவர்சில்வர் தட்டில் வைத்துச் சுற்றிலும் மரிக்கொழுந்து. வாடகைச் சாமான் எதுவும் இல்லை. ஆனாலும் ஜொலித்தது! என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்ததால் இருபது தட்டையும் மண்டப வாசல் பெஞ்சில் வரிசையாக வைத்துவிட்டு, கழுவி முடித்ததும் மேசைக்குப் பேப்பர் விரிக்கப் போனேன். வெளியே வேட்டுச் சத்தம், மேளம். தாய்மாமன் வேன் வந்துவிட்டது. நான் திரும்பி வந்தபோது பெஞ்சு காலி.

என் வீட்டுக்காரர் அருள்பாண்டி தலையைச் சொறிந்தபடி நின்றார். "மாமன் சீர்னு நெனச்சு, எதிர்கொண்டு கூப்பிடப் போன பொம்பளைக ஆளுக்கொண்ணாத் தூக்கிட்டுப் போயிட்டாக. வெறுங்கையோட யாரு நடப்பா?"

கையிலிருந்த கத்தரிக்கோலோடு மேடைக்கு ஓடினேன். குழந்தை முன்னால் இருபத்தேழு தட்டு. "அம்புட்டும் மாமன் சீரா!" என்று கூட்டம் வாயைப் பிளந்தது. அன்னக்கொடி அக்கா அழுதுகொண்டே சிரித்தார். பக்கத்தில் அவர் அண்ணன் கருத்தக்கண்ணன். பேரையூரில் மானாவாரி விவசாயம். இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. அவர் கொண்டுவந்தது ஏழே தட்டு. அவர் தட்டுகளைப் பார்த்தார், என் கத்தரிக்கோலைப் பார்த்தார், முகம் வெளுத்துப் போனது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் தட்டுகள் எனக்கு வந்துவிடும். அந்த மனிதர் சபையில் எப்படி நிற்பார்? வாய்வரை வந்ததை விழுங்கினேன். பிறந்ததிலிருந்து முதல்முறை.

பந்திக்கு அரை மணி நேரம். "ஏங்க, அந்தச் சாக்கைக் கொட்டுங்க!" இருபது அன்னாசிக் கொண்டை. சமையல்கட்டிலிருந்து தர்பூசணித் தோல், எலுமிச்சம்பழம். சமையல் மாஸ்டர் கண்ணுச்சாமி, "பாயாசத்துக்கு வச்ச பழம்மா!" என்று கத்தக் கத்த இரண்டு சீப்பு வாழைப்பழம். தோலைக் கிண்ணமாக வெட்டி, நடுவில் கொண்டையை நிறுத்தி, சுற்றி எலுமிச்சையும் பழமும் அடுக்கி, மிச்சச் செவ்வந்தியை இதழ் இதழாகத் தூவினேன். கை பறந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. பயம் என்றுதான் நினைத்தேன். இல்லை, அது சந்தோஷம்! கடைசி மேசையில் வைக்கும்போது முதல் மேசையில் ஆட்கள் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பந்தி முடிந்ததும் அன்னக்கொடி அக்கா அண்ணனையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

"மேசையெல்லாம் அழகுதான் ரோகிணி. கல்யாணத்துக்கும் நீயே செய்யி. ஆனா எங்கண்ணன் கொண்டாந்துச்சு பாரு, அன்னாசில பூக்குத்தி, அதே மாதிரி வேணும். உனக்கு வருமா?"

கருத்தக்கண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்புட்டு நேர்த்தியா எனக்கு வராதுக்கா" என்றேன். "அண்ணன்கிட்டக் கேட்டுக் கத்துக்கிறேன்."