ரெவின்யூ ஸ்டாம்பு

ஜூலை முதல் தேதி ஞாயிற்றுக்கிழமையாகப் போய்விட்டதால் சம்பளம் இரண்டாம் தேதிதான். கடைசி மணி அடித்ததும் பதினான்கு டீச்சர்களும் மந்தைவெளிப் பள்ளிக்கூடத்தின் ஆபீஸ் அறை வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே மேஜைமேல் நீளமான ரெஜிஸ்டர், ஒரு தாள் ரெவின்யூ ஸ்டாம்பு, ஈரப் பஞ்சு வைத்த பீங்கான் கிண்ணம். கிளார்க் பஞ்சாட்சரம் ஸ்டாம்பைக் கிழித்து, பஞ்சில் தேய்த்து, பெயருக்கு நேரே ஒட்டி, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். அதன்மேல் கையெழுத்துப் போட்டால்தான் கவர் கைக்கு வரும்.

ராசமலர் டீச்சருக்கு நேரே ரெஜிஸ்டரில் சர்க்காருக்குக் காட்டுவதற்காக அறுநூற்றைம்பது என்று இருந்தது. அவளுக்குப் பேசிய சம்பளம் முந்நூற்றிருபது. அதில் வருமானவரிக்கென்று பன்னிரண்டு, பி.எஃப்.க்கென்று பதினெட்டு பிடித்தார்கள். ஸ்டாம்புக்கும் பத்து பைசா பிடித்தார்கள். கவரில் இருந்தது இருநூற்று எண்பத்தொன்பது ரூபாய் தொண்ணூறு பைசா.

ஆறு வருஷத்துக்கு முன்னால் முதல் சம்பளத்தன்று அவள் பேனாவை வைத்துக்கொண்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்ற தமிழ் டீச்சர் காமாக்ஷிதான் காதோடு சொன்னாள். "போட்டுட்டு வாங்கோ. இங்கே எல்லாரும் போடறதுதான். ஆத்துல இதையெல்லாம் யார் கேக்கப்போறா." ராசமலர் போட்டாள். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே படிக்க வந்து, படித்த ஊரிலேயே வேலைக்கும் சேர்ந்தவள். இலங்கை பாஸ்போர்ட். இங்கே தங்குவதற்கான பர்மிட்டை வருஷா வருஷம் போலீஸ் ஆபீசில் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பள்ளிக்கூடத்தின் கடிதம் வேண்டும். கடிதம் கொடுப்பவரிடம் போய் எண்ணைப் பற்றிக் கேட்க முடியவில்லை. பள்ளிக்கூட வாசல் போர்டில் மட்டும், 'வெளிநாட்டு ஆசிரியைகள்' என்று சிவப்பு எழுத்தில் பெருமையாக எழுதியிருந்தது.

இந்த இரண்டாம் தேதி அவள் கைப்பையில் ஒரு தந்தி இருந்தது. சனிக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கடுமை, உடனே புறப்படு என்று தம்பி அடித்திருந்தான். எழும்பூரில் போய்க் கேட்டதில், வெள்ளிக்கிழமை போட்மெயிலில் போனால் மறுநாள் ராமேஸ்வரத்தில் கப்பலைப் பிடிக்கலாம் என்றார்கள். ஆனால் இங்கே சம்பளம் வாங்குகிற வெளிநாட்டுக்காரர் வரிபாக்கி இல்லையென்று ஒரு சர்டிபிகேட் காட்டாமல் கப்பல் டிக்கெட் கிடையாது.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு வருமானவரி ஆபீசுக்குப் போனாள். பெஞ்சில் இரண்டு மணி நேரம். அதிகாரி கெட்டவர் இல்லை. தந்தியைப் பார்த்துவிட்டு அவரே எழுந்துபோய் பைலை எடுத்துவந்தார். பள்ளிக்கூடம் அனுப்பிய சம்பளக் கணக்கில் அவளுக்கு மாதம் அறுநூற்றைம்பது. அவள் பெயரில் வரி ஒரு பைசாகூடக் கட்டவில்லை. அபராதத்தோடு சேர்த்து ஆயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய் பாக்கி.

மாதாமாதம் பன்னிரண்டு ரூபாய் பிடிக்கிறார்களே என்று அவள் கேட்டாள். பிடித்ததற்குச் சீட்டு ஏதாவது உண்டா என்று அவர் கேட்டார். சீட்டு ஒன்றும் தந்ததில்லை. அவளுடைய உண்மைச் சம்பளம் எவ்வளவு என்று சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"முந்நூத்தி இருபதுன்னா உங்களுக்கு வரியே கிடையாதும்மா. ரெஜிஸ்டர்ல இருக்கற கையெழுத்து உங்களுதுதானே?"

"ஓம். என்ர கையெழுத்துத்தான். ஆனா அந்தக் காசு எனக்கு வரேல்ல."

"வராத காசுக்கு ஏம்மா கையெழுத்துப் போட்டீங்க?"

அவள் தந்தியை மடித்துக் கைப்பையில் வைத்தாள். அவர் இரண்டு வழி சொன்னார். பணத்தைக் கட்டிவிட்டு அன்றைக்கே சர்டிபிகேட் வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால், இவருடைய வரிக்கு நாங்கள் பொறுப்பு என்று பள்ளிக்கூடத்தை நடத்தும் கரஸ்பாண்டெண்ட் ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

இரண்டு வளையலை அடகு வைத்ததில் முந்நூற்றைம்பது கிடைத்தது. காமாக்ஷி நூறு ரூபாய் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே வகுப்புக்குப் போய்விட்டாள். அதற்குமேல் கேட்க ராசமலருக்கு ஆள் இல்லை.

கரஸ்பாண்டெண்ட் சண்முகசுந்தரத்துக்குத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சின்னதாகத் தொடங்கி, இப்போது மூன்று மாடி. பள்ளிக்கூடத்துக்கு மாதம் ஒருதரம் வருவார். மற்ற நாளெல்லாம் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால்தான் இருப்பார். புதன்கிழமை சாயங்காலம் ராசமலர் பனகல் பார்க்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கடையில் கல்யாணக் கூட்டம். வெள்ளை விரிப்பில் புடவைகள் மடிப்புக் கலைந்து கிடந்தன.

அவர் எழுந்து நின்று கும்பிட்டார். நாற்காலி போடச் சொன்னார், குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னார்.

"அம்மைக்குச் சொகமில்லன்னு பஞ்சாட்சரம் சொன்னான். கேட்டதும் எனக்கு மனசே சரியில்ல, டீச்சர். அந்த லெட்டர்தான, தாரேன். அதுக்கென்ன."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் இன்னும் முடிக்கவில்லை. போனவர் திரும்பி வராமல் இருந்துவிட்டால் பொறுப்பெல்லாம் தன் தலையில் விழும் என்றார். அதனால் போவதற்கு முன்னால் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போவதுதான் முறை. பி.எஃப். பணம் முழுவதும் வாங்கிக்கொண்டேன் என்று ஒரு வவுச்சரில் கையெழுத்துப் போட்டால், அதே நிமிஷம் லெட்டர் கைக்கு வரும்.

"அப்ப பி.எஃப். காசு?"

"அது ஆபீஸ் வேல. நீங்க போயிட்டு வாங்க, பாத்துக்கிடலாம்."

கலர் வந்தது. அவள் தொடவில்லை. ஆறு வருஷம் அவள் போட்ட பங்கும் பள்ளிக்கூடம் போடவேண்டிய பங்குமாக இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் வரும். முப்பத்தைந்து வயதில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். எழுந்து நின்றாள். வகுப்பில்கூட உரக்கப் பேசாதவள், மூன்றாவது மாடிக்குக் கேட்கிற குரலில் பேசினாள்.

"வரி எண்டு பிடிச்சீங்கள், அரசாங்கத்துக்குக் கட்டேல்ல. பி.எஃப். எண்டு பிடிச்சீங்கள், அதுவும் இல்லை எண்டுறீங்கள். எங்கை போனது அந்தக் காசு? இந்தச் சீலை அடுக்குக்குள்ளயோ?"

புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். ஒரு கிழவர் மடியில் விரித்த பட்டோடு அப்படியே இருந்தார். சண்முகசுந்தரம் குரலை உயர்த்தவில்லை. புடவை பார்க்க வந்த ஒருத்தியைக் கைகாட்டி, கடைப்பையனிடம், "அக்காவுக்கு அந்த மாம்பழக் கலர எடுத்துக் காட்டுலே" என்றார். பிறகு இவள் பக்கம் குனிந்தார்.

"பர்மிட் நவம்பர்ல முடியுது, என்ன? போலீஸ் ஆபீசுக்கு லெட்டர் யாரு குடுக்கா, டீச்சர்?"

அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் மூன்று போயிற்று. ஏறாமல் நின்றுகொண்டிருந்தாள்.

வியாழக்கிழமைக்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மத்தியானம் குழாயடியில் ஆயா வேலம்மா பிள்ளைகளின் டிபன் டப்பாக்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஊரூர்க் குப்பத்துக்காரி. அவள் ரேகை வைப்பது தொண்ணூறு ரூபாய்க்கு, வாங்குவது நாற்பத்தைந்து. ராசமலர் கை கழுவ வந்ததும் குழாயை விட்டு நகர்ந்தாள்.

"சேட்டுங்க கடையாட்டம் கீற அந்தக் கடைல போய் சத்தம் போட்டியாமே. எல்லாரும் சொல்லிக்கினு கீறாங்கோ."

ராசமலர் தலையை ஆட்டினாள்.

"தப்பா நெனச்சிக்காத டீச்சரம்மா. நா கைநாட்டு. இன்னா எய்திக்கீதுன்னு தெரியாம வெக்கிறேன். நீ படிச்சிப் பாத்துட்டுதானே போட்ட?"

ஒரு டப்பாவின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேறு டப்பாவை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். ராசமலர் குழாயை மூடாமலே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆபீஸ் திறந்ததும் ராசமலர் போய் நின்றாள். ஆறாம் தேதி ஆயாக்களுக்குச் சம்பளம். வேலம்மா அப்போதுதான் நீல மையில் கட்டைவிரலை அழுத்தி ரேகை வைத்துவிட்டு, நோட்டுகளைச் சுருக்குப்பையில் திணித்துக்கொண்டிருந்தாள். வெளியே பிள்ளைகள் காலைப் பிரார்த்தனைக்கு வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பஞ்சாட்சரம் வவுச்சர் புத்தகத்தை எடுத்தார். கரஸ்பாண்டெண்டின் கடிதம் டைப் அடித்து, கையெழுத்தாகி, காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டின் கீழ் இருந்தது. நேற்றைத் தேதி போட்டிருந்தது.

அவர் புத்தகத்தைப் புரட்டியபோது பழைய பக்கங்கள் கண்ணில் பட்டன. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் போய் அங்கிருந்து ஆஸ்திரேலியா போன கொழும்பு டீச்சர் மிஸ் தெல்மாவின் சாய்ந்த கையெழுத்து. அதற்கு முன் பக்கத்தில், பர்மா பாஸ்போர்ட் வைத்திருந்த கணக்கு மாஸ்டர் வெள்ளைத்துரையின் கையெழுத்து. இரண்டிலும் அதே வாசகம், அதே டைப். தெல்மா புறப்படுகிற அன்று மேளதாளம் இல்லாத குறையாக எல்லோரும் எழும்பூர் வரை போய் வழியனுப்பினார்கள். அன்று ரயில் ஜன்னலில் அவள் முகம் ஏன் அப்படி இருந்தது என்று ராசமலர் அப்போது கேட்கவில்லை.

"வெளிநாட்டுக்காரரா பாத்து ஏன் எடுக்கினம் எண்டு இப்பதான் விளங்குது" என்றாள்.

பஞ்சாட்சரம் தரையைப் பார்த்தார். தனக்கும் ரெஜிஸ்டரில் ஒரு தொகை, கையில் ஒரு தொகைதான் என்று முணுமுணுத்தார். பிறகு ஸ்டாம்பைக் கிழித்து, பஞ்சில் தேய்த்து ஒட்டினார்.

அவள் பேனாவை எடுக்கவில்லை. வவுச்சரைக் கையில் எடுத்து, வகுப்பில் பாடம் வாசிக்கிறமாதிரி நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு வேலம்மாவின் பக்கம் திரும்பி, தமிழில் சொன்னாள்.

"பி.எஃப். காசு இரண்டாயிரத்தி ஐந்நூற்றித் தொண்ணூற்றி ரெண்டு ரூபாயும் இண்டைக்கு என்ர கையில ரொக்கமா வந்து சேந்ததாம். இனிமேல் இந்தப் பள்ளிக்கூடம் எனக்கு ஒண்டும் தரவேண்டாமாம்."

"மெதுவா, டீச்சர்" என்றார் பஞ்சாட்சரம். பிரார்த்தனை வரிசையிலிருந்து இரண்டு டீச்சர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் காமாக்ஷி ஒருத்தி.

"படிச்சுப் பாத்திட்டன்" என்று சொல்லிவிட்டு, ராசமலர் ஸ்டாம்பின்மேல் கையெழுத்துப் போட்டாள். நிப்பு காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

பஞ்சாட்சரம் மையை ஊதிக் காயவைத்தார். கடிதத்தின்மேல் கையை வைத்தவர், எடுக்காமல் தயங்கினார்.

"ஸ்டாம்புக்குப் பத்து பைசா, டீச்சர். சம்பளமா இருந்தா அதுலயே புடிச்சிக்குவேன். இப்ப நீங்க லீவுல போறீங்க. கரஸ்பாண்டெண்ட் ஒவ்வொரு ஸ்டாம்புக்கும் கணக்குக் கேப்பாரு."

அவள் கைப்பையைத் திறந்தாள். அடகுக்கடை நோட்டுகள், காமாக்ஷியின் நூறு ரூபாய், தந்தி. சில்லறை இல்லை. பத்து ரூபாய் நோட்டை நீட்டினாள். காலையில் தன்னிடமும் சில்லறை இல்லை என்றார். கடிதம் கண்ணாடிக் குண்டின் கீழேயே இருந்தது. வரி ஆபீஸ் பத்தரைக்குத் திறக்கும். சாயங்காலம் ரயில்.

வேலம்மா சுருக்குப்பையை அவிழ்த்தாள். நோட்டுகளுக்கு அடியில் துழாவி, பூவிளிம்பு வைத்த அலுமினியக் காசு ஒன்றை எடுத்து மேஜைமேல் அறைந்தாள்.

"இந்தா, எட்த்துக்கோ."

காசில் நீல மை அப்பியிருந்தது. கட்டைவிரலின் கோடுகள் அதில் சுத்தமாகத் தெரிந்தன. பஞ்சாட்சரம் அதை வேட்டித் தலைப்பில் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இன்னொருதரம் துடைத்து, ஸ்டாம்பு டப்பாவில் போட்டார். பிறகு கண்ணாடிக் குண்டை நகர்த்தினார்.