நூற்றுப் பதினாறு அடி

"நெல்லையப்பன் அண்ணாச்சி, நூத்திப் பதினாறு" என்று ஹரிகுமார் வாசித்ததும் லேப்டாப்பில் இருந்த முகங்கள் எல்லாம் சிரித்தன.

காலை ஒன்பதரை மணிக் கூட்டத்தில் வேலைப் பேச்சுக்கு முன்னால் நடைப் பேச்சு. ஊரடங்கில் ஆட்கள் நாற்காலியோடு ஒட்டிப் போய்விடக் கூடாது என்று கம்பெனி டீம் டீமாக ஒரு போட்டி வைத்திருந்தது. அவரவர் போன் அவரவர் அடிகளை எண்ணிக்கொள்ளும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் பக்கத்தில் பெயருக்கு நேரே எண் தானாக ஏறிவிடும். ஹரிகுமார் செக்‌ஷன் தலைவர். முப்பத்தாறு வயது, மலையாளம் கலந்த தமிழ், தினம் பன்னிரண்டாயிரம் அடிக்குக் குறையாதவர்.

"கட்டில்லேர்ந்து கசேரைக்கு வந்தாலே நூத்திப் பதினாறு ஆயிடுமே அண்ணாச்சி. பல்லு தேய்க்கறதில்லையோ?"

"சும்மா இரிங்க ஹரியேட்டா" என்றாள் அஸ்வதி. "அண்ணாச்சி நம்ம பத்மநாபஸ்வாமி மாதிரியாக்கும். படுத்துக்கிட்டே லோகத்தைப் பரிபாலிக்கறார்."

நெல்லையப்பனும் கூடச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, கேமராவுக்குத் தெரியாமல் மடியில் வைத்திருந்த டயரியில் 116 என்று எழுதினார். அதற்கு மேலே 207. அதற்கும் மேலே 290.

அந்த அடிகள் அவருடையவை அல்ல. அவர் மனைவி உலகம்மையினுடையவை.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால் கரமனையில் அவர்கள் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது உலகம்மை தன் பட்டன் போனைத்தான் கையில் எடுத்திருந்தாள். "அதுல மூஞ்சி தெரியாதேடி" என்று சொல்லி, நெல்லையப்பன் தன் போனை அவள் நைட்டியின் பையில் போட்டுவிட்டு, அவளுடையதைத் தான் வாங்கிக்கொண்டார். எந்த நைட்டி வாங்கினாலும் அவளே ஒரு பை வைத்துத் தைத்துக்கொள்வாள். பாதுகாப்பு உடையில் வந்த ஆள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அந்தப் பதற்றத்திலும் சரியாகவே பதில் சொன்னார். வயது, சர்க்கரை, வீட்டுக்காரர் பெயர், வீட்டுக்காரர் நம்பர். அவருக்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. பிள்ளைகள் இல்லாத வீட்டில் அவர் மட்டும் மிஞ்சினார்.

மூன்று நாள், வீட்டு லேப்டாப்பில் இருந்து கூப்பிட்டால் அவள் முகம் தெரிந்தது. "பாத்ரூம் வார்டு கடைசியிலயாக்கும். போக முப்பத்தஞ்சு அடி, வர நாப்பது" என்றாள். ஒரே வழிதானே, அது எப்படி என்று கேட்டார். "வரும்போ மூச்சு வாங்குது. அடி சின்னதாப் போகுது" என்று ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போலச் சிரித்தாள். நாலாம் நாள் முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடி வந்துவிட்டது. கையை மட்டும் ஆட்டினாள். அப்புறம் அழைப்பை எடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரி உதவி எண்ணில், கிடைக்கிற நாளில், மாற்றம் ஒன்றும் இல்லை என்பார்கள். ஏதும் இருந்தால் நாங்களே அழைப்போம் என்பார்கள். யாரும் அழைக்கவில்லை.

அப்படி இருக்கையில்தான் ஒரு காலை ஆபீஸ் பக்கத்தில் தன் பெயருக்கு நேரே 412 என்று கண்டு திடுக்கிட்டார். போன் அவள் பையில் இருக்கிறது, அவளோடு நடக்கிறது என்பது புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எழுபத்தைந்து அடி என்றால் ஒரு தடவை போய் வந்திருக்கிறாள். 290 என்றால் நாலு தடவைக்குக் கொஞ்சம் குறைவு. இன்றைக்கு நூற்றுப் பதினாறு. ஒரு தடவை போய் வந்திருக்கிறாள். இரண்டாவது தடவை பாதி வழியில் எந்தக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்?

ஆபீஸில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த நிமிடமே லீவு தருவார்கள், நல்ல பிள்ளைகள்தான். ஆனால் லீவில் இருப்பவர் பெயர் போட்டியில் இருக்காது என்பது விதி. பெயர் போனால் எண் போகும். அவளைப் பற்றி உலகத்தில் அவருக்கு வந்துகொண்டிருந்த ஒரே சேதி அதுதான். கேலி பரவாயில்லை என்று இருந்துவிட்டார்.

இருபத்தாறு வருடம் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தே கழித்தவர் அவர். முதல் மாடிக்கும் லிப்டுக்குக் காத்து நிற்பவர். இப்போது கூட்டம் முடிந்ததும் பழவங்காடிப் பிள்ளையார் படத்தைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்துச் சுற்றி வந்தார். கோயில் அடைத்திருந்தது, தேங்காய் உடைக்க வழியில்லை. "அப்பனே, அவளால முடியாத அடியை நான் வச்சிடறேன். அவ பேர்ல எடுத்துக்கோ" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ஒரு சுற்றுக்குப் பதினாலு அடி. குதிகால் வெடித்து, மொசைக் தரையில் எரிந்தது. காலையில் நூறு சுற்று, சாயங்காலம் நூறு. அந்த அடிகளை எண்ண எந்தப் போனும் இல்லை.

புதன்கிழமை காலை எண் 31 என்று ஏறியது. வியாழக்கிழமை 0. வெள்ளிக்கிழமையும் 0.

"ஒரு அடியும் இல்லை! இது சாதனையாக்கும் அண்ணாச்சி" என்றார் ஹரிகுமார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "விரோதமாத் தோணண்டாம் கேட்டோ. டீம் கடைசில கிடக்கு. திங்களாழ்ச்ச முதல் உங்க இடத்துல வேற ஆளைப் போடறேன்" என்றார்.

"என் பேரை எடுக்கண்டாம் ஹரி."

"காரணம் பறயுங்க."

"நடந்துடும்" என்றார் நெல்லையப்பன். அன்று பகல் முழுக்க, உலகம்மையின் பட்டன் போனில் இருந்து தன் நம்பரைக் கூப்பிட்டுப் பார்த்தார். இரண்டு நாளாக அணைந்து கிடந்த போனில் மத்தியானத்துக்கு மேல் மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை பக்கத்தைத் திறக்க அவருக்குக் கை வரவில்லை. கூட்டத்தில் ஹரிகுமார் வாசிக்கத்தான் கேட்டார்.

"ஆறாயிரத்து இருநூத்திப் பதினாலு! அண்ணாச்சீ!"

எல்லாரும் கை தட்டினார்கள். "சுயம்பா எழும்பி வந்துட்டாரு பத்மநாபன்!" என்று அஸ்வதி கூவினாள். நெல்லையப்பன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். எழுந்துட்டா, நடந்துட்டா என்று மனசு ஒரு துள்ளு துள்ளியது. அடுத்த கணமே கணக்கு இடித்தது. முப்பத்தொன்றில் கிடந்தவள் ஆறாயிரம் நடக்க மாட்டாள். போன் அவள் பையில் இல்லை. வேறு யாரோ கையில் அது நடக்கிறது. பை எப்படிக் காலியாயிற்று?

கேமராவை அணைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றாமல், துண்டை வாயில் பொத்திக்கொண்டு எல்லார் முன்னாலும் அழுதார். பிறகு விட்டு விட்டுச் சொன்னார். 412-இல் இருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

ஹரிகுமார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். தன் போனை எடுத்து நெல்லையப்பனின் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, லேப்டாப் பக்கம் நீட்டிப் பிடித்தார். நாலாவது மணியில் ஒரு பெண் குரல்.

"ஹலோ, ஆரு?"

"இது நெல்லையப்பன் சாரோட போன்தானே? உங்க கையில எப்படி?"

"உலகம்மை அக்கா தந்ததாக்கும். நான் இங்க வார்டு தூத்துத் துடைக்கவ. ரத்னாபாய்."

"நான் அவ வீட்டுக்காரன்மா!" என்று நெல்லையப்பன் லேப்டாப்பைப் பார்த்துக் கத்தினார்.

"ஐயோ அண்ணா, நேத்து விளிச்சது நீங்களா? 'உலகு'ன்னுல்லா பேரு வருது. அக்காவை ஐசியூவுல போட்டிருக்கு. அக்காக்க பேர்லயே விளி வந்தா நான் எப்படி எடுக்க? பேடிச்சுப் போனேன்."

செவ்வாய்க்கிழமை மாற்றியிருக்கிறார்கள். அங்கே போன் கொண்டுபோகக் கூடாது. தள்ளுவண்டியில் ஏற்றும்போது உலகம்மை முகமூடியை விலக்கிக்கொண்டு இவளைக் கூப்பிட்டாளாம். "போன் இல்லாதவங்க வீட்டுக்குப் பேசட்டும், கொண்டு குடு"ன்னு சொன்னாளாம். சார்ஜ் தீர்ந்து கிடந்ததை நேற்றுத்தான் போட முடிந்தது.

"இருவத்திரெண்டு பெட்டு அண்ணா. பாவம், வயசான அம்மைமாருக்கு மக நம்பரு ஓர்மை வராது. தப்பா அழுத்தி அழுத்தி, கிடைக்கது வரைக்கும் நான் பிடிச்சிட்டு நிக்கணும். பாக்கெட்டுல போட்டுட்டு நேத்து ஓடின ஓட்டம் எனக்கே தெரியாது."

"அவ எப்படி இருக்காம்மா?"

வார்டின் இரைச்சலை விட்டு அவள் ஓரமாக நகர்வது கேட்டது.

"எனக்கு அங்க உள்ள ஏற அனுவாதம் இல்ல. நேத்து சாயங்காலம் ஐசியூவுல இருந்து இந்தப் போனுக்குத்தான் விளிச்சாங்க. வீட்டுக்காரர் நம்பர்னு நீங்க இதைத்தான் குடுத்திருக்கீங்க."

நெல்லையப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். இருபது வருடமாக யார் கேட்டாலும் சொல்கிற தன் நம்பரையே அன்றும் சொல்லியிருக்கிறார்.

"என்ன சொன்னாங்க?"

"சொந்தக்காரங்க கிட்டத்தான் சொல்லணும்னாங்க. நான் சொந்தக்காரி இல்லல்லோ அண்ணா." பேனா தரச்சொல்லி யாரையோ கூப்பிட்டாள். "அந்த 'உலகு' நம்பரைக் கையில எழுதிட்டு, இப்பவே ஐசியூ கதவுல போய்ச் சொல்லுகேன். இந்தப் போனை ஆஸ்பத்திரி கேட்டுல செக்யூரிட்டிகிட்ட குடுத்துடட்டா?"

"வேண்டாம்மா" என்றார் நெல்லையப்பன். "அவ சொன்னபடியே நடக்கட்டும்."

ஒவ்வொருவராகக் கைகூப்பிவிட்டு விலகிப் போனார்கள். ஹரிகுமார் மட்டும் போகவில்லை.

"விளி வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருக்கேன் அண்ணாச்சி. வேலையெல்லாம் கிடக்கட்டும்."

"உக்காந்திருக்க முடியல ஹரி. நான் கொஞ்சம் சுத்தறேன்."

பட்டன் போனை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு மேசையைச் சுற்றத் தொடங்கினார். ஐந்தாவது சுற்றிலோ ஆறாவதிலோ லேப்டாப்பைக் கடந்தபோது பார்த்தார். திரையில் ஹரிகுமார் இல்லை. காலி நாற்காலி, அதன் முதுகில் ஈரத்துண்டு, பின்னால் பாதி திறந்த கதவு. அந்தக் கதவுக்கு அப்பால் ரப்பர் செருப்புச் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. போட்டிக்கு நடக்கிறவனின் வேகம் இல்லை அதில். அந்தச் சத்தத்தோடு அவர் அடியும் தானாகச் சேர்ந்துகொண்டது.

கைக்குள் போன் அதிர்ந்து மணி அடித்தது. ஏதோ புதிய நம்பர்.

லேப்டாப்பில் செருப்புச் சத்தம் நின்றது. சுற்று முடிய இன்னும் நாலு அடி இருந்தது. நெல்லையப்பன் பிள்ளையாரைப் பார்த்தபடி, நீட்டிய கையில் போன் பாடிக்கொண்டிருக்க, அந்த நாலில் ஓர் அடி வைத்தார்.